ட்ரெயிலரைப் பூட்டுவது எப்படி: ஹிட்ச் பூட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் புல்லு வெட்டும் தொழில் செய்கிறேன். 14 வருடமாக என் வான் வண்டிக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலர் இல்லாமல் நான் வீதியில் இறங்கியதில்லை. அதில் ஒன்று களவும் போனது. அதற்குப் பிறகு, எங்கள் ஆட்களில் யார் புதிதாக ட்ரெயிலர் வாங்கினாலும் "அண்ணை, என்ன பூட்டு வாங்கிறது?" என்று எனக்குத்தான் போன் வரும். திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்ததால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாண நிலவரம்.

பூட்டு இருந்தும் உங்கள் ட்ரெயிலர் எப்படிப் போனது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மார்ச் மாதம், பனி கரைந்து தொழில் தொடங்க இரண்டு கிழமை இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் ட்ரைவ்வே வெறுமை. உடைந்த பூட்டுத் துண்டோ, அறுத்த இரும்புத் தூளோ ஒன்றும் நிலத்தில் இல்லை. இருந்தது ஒரு கோடு மட்டும். ட்ரெயிலரின் மூக்கைத் தாங்கும் ஜாக்கின் கால் தாரில் உரசி, ட்ரைவ்வேயில் தொடங்கி வீதி முனை வரை வெள்ளையாக வளைந்து போயிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கள்ளன் என் பூட்டைத் தொடவே இல்லை. 80 டொலர் கொடுத்து வாங்கிய பூட்டு கப்ளருக்குள் (வாகனத்தோடு கொழுவும் மூக்கு நுனிக் கிண்ணம்) அப்படியே இருக்க, ட்ரெயிலரின் மூக்கைச் சங்கிலியால் தன் ட்ரக்கின் பின்னால் தூக்கிக் கட்டி, மெதுவாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் பூட்டியது கப்ளரை. சில்லு இரண்டும் சுதந்திரமாக உருண்டன.

சரி, எத்தனை இடத்தில் பூட்டலாம்? எனக்கு ஹிட்ச், கப்ளர் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

கடையிலும் இப்படித்தான் குழம்பி, தேவையில்லாத பூட்டை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஹிட்ச் என்பது வாகனத்தில் ட்ரெயிலரைக் கொழுவும் அமைப்பு. வாகனத்தின் பம்பருக்குக் கீழே ஒரு சதுரக் குழாய் இருக்கும். அது ரிசீவர். அதற்குள் ஓர் இரும்புத் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு 'பின்', அதாவது தடித்த இரும்பு ஊசி, போடுவோம். தண்டின் நுனியில் இருப்பது பந்து. ட்ரெயிலரின் மூக்கு நுனியில் பந்தின் மேல் கவிழும் கிண்ணம்தான் கப்ளர். கப்ளரின் மேலே அமுக்கி மூடும் நெம்பு ஒன்று உண்டு, அதைத் தாழ் என்று வைத்துக்கொள்வோம்.

ரிசீவர் பின்னுக்குப் பூட்டுப் போட்டால் பந்தும் தண்டும் களவு போகாது. தாழுக்குப் பூட்டுப் போட்டால், ட்ரெயிலர் வாகனத்தில் கொழுவியிருக்கும்போது யாரும் கழற்ற முடியாது. கிண்ணத்துக்குள் ஓர் இரும்பு உருண்டையை அடைத்துப் பூட்டும் வகை, ட்ரெயிலர் தனியாக நிற்கும்போது வேறொருவர் தன் பந்தை உள்ளே விடாமல் தடுக்கும். மூன்றும் மூன்று வேலை. ட்ரெயிலரைத் தனியே நிறுத்திவிட்டுத் தாழுக்கு மட்டும் பூட்டுப் போடுகிறவர்கள் நிறையப் பேர். சில கப்ளர்களில் தாழ் மூடியிருந்தாலும் ஒரு சின்னப் பந்து கிண்ணத்துக்குள் போய் மூக்கைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு தெரு தாண்ட அது போதும்.

என்ன அளவு வாங்க வேண்டும்?

பந்தின் மேலேயே அளவு பொறித்திருக்கும். இங்கே 1⅞, 2, 2 5/16 அங்குலம் என்று மூன்றுதான் புழக்கம். ரிசீவர் 2 அங்குலம் என்றால் பின் 5/8 அங்குலம். சின்னக் கார்களில் வரும் 1¼ அங்குல ரிசீவருக்கு ½ அங்குலம். ½ அங்குலப் பின்னைப் பெரிய ஓட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். பூட்டு இருக்கும், ஆனால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அது உள்ளே அடித்து அடித்து ஓட்டையைப் பெருப்பிக்கும்.

லண்டனில் இருக்கும் தம்பி நல்ல பூட்டு அனுப்புகிறேன் என்கிறான். இங்கே பொருந்துமா?

அங்கே பந்து 50 மில்லிமீற்றர். எங்கள் 2 அங்குலம் 50.8 மில்லிமீற்றர். பூட்டைப் பொறுத்தவரை கிண்ணத்தின் வெளி வடிவம்தான் சிக்கல், பெரும்பாலும் பொருந்தாது. இழுக்கும் விஷயத்தில் இந்த 0.8 மில்லிமீற்றரைச் சின்ன விஷயம் என்று எண்ணக் கூடாது. அங்கத்தைய பந்தில் எங்கள் கப்ளர் ஆடும், எங்கள் பந்தில் அங்கத்தைய கப்ளர் வடிவாக அமராது. பூட்டுக்குப் பதில் நல்ல தேயிலை அனுப்பச் சொல்லுங்கள்.

20 டொலர் பூட்டுக்கும் 150 டொலர் பூட்டுக்கும் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. மலிவான கப்ளர் பூட்டுகளில் பல அலுமினிய வார்ப்பு. கிண்ணத்துக்குக் கீழே உருண்டை, மேலே வளைந்த கம்பி, பக்கத்தில் திறப்பு ஓட்டை. சுத்தியலால் சரியான இடத்தில் நாலு அடி போட்டால் வார்ப்பு வெடிக்கும். இரும்பு வெட்டும் கிரைண்டர்கூடத் தேவையில்லை.

விலை கூடியவை தடித்த உருக்கில், கப்ளரின் முன்பக்கத்தையே தொப்பி போல மூடும். பூட்டின் கொண்டி வெளியே தெரியாது, அதனால் வெட்டுக் குறடு வாய் வைக்க இடமில்லை. நெம்புகோல் நுழைக்கவும் இடுக்கு இருக்காது. பற்றரி கிரைண்டருக்கு இதுவும் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை பல நிமிடமாகும், இரவு 3 மணிக்கு அவ்வளவு நேரம் சத்தமும் நெருப்புப் பொறியும் போட அவன் யோசிப்பான். பூட்டுக்கு நாங்கள் கொடுக்கும் காசு அந்த நிமிடங்களுக்குத்தான்.

இன்னொன்று. சில பூட்டுகளில் திறப்பின் இலக்கம் பூட்டின் முகத்திலேயே பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைச் சொல்லி வேறு திறப்பு எடுத்துவிடலாம். வாங்கிய அன்றைக்கே அதை எழுதி வைத்துக்கொண்டு, பூட்டில் இருப்பதை அரத்தால் அழித்துவிடுங்கள்.

கப்ளருக்கு மிக நல்ல பூட்டுப் போட்டுவிட்டேன். இனிப் பயமில்லைதானே?

கப்ளர் எப்படி ட்ரெயிலரோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்று ஒருக்கா குனிந்து பாருங்கள். உருக்கி ஒட்டியிருந்தால் நல்லது. பல ட்ரெயிலர்களில், முக்கியமாக உயரத்தை மாற்றக்கூடிய வகையில், கப்ளர் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. கள்ளன் உங்கள் 150 டொலர் பூட்டையும் கப்ளரையும் சேர்த்தே கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, தன்னுடைய கப்ளரை அதே ஓட்டையில் மாட்டிக்கொண்டு போவான். இரண்டு ஸ்பானர், ஐந்து நிமிடம், சத்தமே இல்லை.

இதையே உங்களுக்குச் சாதகமாக்கலாம். குளிர் காலம் முழுக்க ட்ரெயிலர் சும்மாதானே நிற்கிறது? அந்த இரண்டு போல்ட்டையும் நீங்களே கழற்றி, கப்ளரைக் கராஜுக்குள் கொண்டுபோய் வையுங்கள். கோடையில் அடிக்கடி கழற்ற முடியாதுதான். அப்போது, இறுக்கிய பிறகு தலை முறிந்துவிடும் வகை நட் போடலாம், அல்லது வெல்டிங் தெரிந்த ஒருவரைப் பிடித்து நட்டின் மேல் ஒரு பொட்டு வைக்கலாம்.

சில்லுக்குப் பூட்டுப் போடுவது எப்படி?

என்னைக் கேட்டால் ஒரே ஒரு பூட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதைச் சில்லுக்குப் போடுங்கள். டயரை இருபக்கமும் அணைத்துப் பிடித்து, நட்டுகளையும் தட்டால் மறைக்கும் இரும்புப் பிடி கிடைக்கிறது. நட் மறையாத பிடியை வாங்க வேண்டாம். நட் வெளியே தெரிந்தால் பூட்டோடு சில்லைக் கழற்றி, வேறு சில்லு மாட்டலாம். ஒரு அச்சாணி ட்ரெயிலருக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு அச்சாணி என்றால் முன்னும் பின்னுமாக ஒவ்வொன்று.

கள்ளன் சங்கிலியால் தூக்கிக் கட்டினாலும், வேறு கப்ளர் கொண்டு வந்தாலும், பூட்டிய சில்லு உருளாது. இழுத்தால் தாரில் டயர் கத்தும். என் ட்ரைவ்வேயில் அந்த ஜாக்கின் கோடு விழுந்த இரவு சில்லில் மஞ்சள் பிடி ஒன்று இருந்திருந்தால், அவன் அடுத்த வீட்டைப் பார்த்திருப்பான். மஞ்சள், சிவப்பு என்று கண்ணைக் குத்தும் நிறத்தில் வாங்குங்கள். அழகு பார்த்துக் கறுப்பு வாங்கினால், இருட்டில் அவனுக்கும் தெரியாது, மறந்துபோய் வண்டியை எடுக்கும் உங்களுக்கும் தெரியாது. (மறந்து எடுத்திருக்கிறேன். சில்லின் மேல்தகடு நெளிந்தது.)

சங்கிலி?

ஹார்ட்வெயர் கடையில் விற்கும் சாதாரணச் சங்கிலி வேண்டாம், அது வெட்டுக் குறடுக்குச் சேமியா. கடினப்படுத்திய உருக்கில், 12 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் வாங்குங்கள். சில்லுக்குள்ளால் மட்டும் ஓட்டாமல் ட்ரெயிலரின் சட்டத்தையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். மறுமுனை எதில் நிற்கிறது என்பதும் முக்கியம். மர வேலிக் கம்பத்தில் கட்டியிருந்த ஒன்றை மார்க்கம் நகரில் பார்த்தேன். கம்பத்தை நானே கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. கொங்கிறீற்றில் இறக்கிய வளையம்தான் சரி. சங்கிலி தரையில் கிடக்காமல் இறுக்கமாக நிற்கட்டும். தரையில் கிடந்தால் குறட்டின் ஒரு கையைத் தரையில் ஊன்றி முழு உடம்பையும் மற்றக் கையில் போடலாம்.

பந்தின் மேல் கப்ளர் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பூட்டு ஓட்டை நேராக வரவே மாட்டேனென்கிறது.

பூட்டின் பின் ஓட்டைக்குள் போகவில்லை என்றால் பூட்டைத் திட்டாதீர்கள். அது உங்களுக்கு ஒன்று சொல்கிறது: தாழின் நாக்கு பந்துக்குக் கீழே போய்ப் பிடிக்காமல் மேலே ஏறி நிற்கிறது. அப்படியே கிளம்பினால் முதல் குழியில் ட்ரெயிலர் துள்ளிக் கழன்றுவிடும்.

பந்தும் கப்ளரும் சேர்வது முத்தம் போல. மோதக் கூடாது, அவசரப்படக் கூடாது, உயரம் முதலில் சரியாக வேண்டும். ஜாக்கைச் சுற்றிக் கப்ளரைப் பந்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிறுத்துங்கள். வாகனத்தைப் பின்னெடுத்து, பந்து நேர் கீழே வந்ததும் கப்ளரை மெதுவாக இறக்குங்கள். பந்தில் கொஞ்சம் கிறீஸ் பூசியிருந்தால் வழுக்கி உட்காரும். தாழை மூடிய பிறகு ஜாக்கை மறுபடி மேலே சுற்றுங்கள். வாகனத்தின் பின்புறம் ட்ரெயிலரோடு சேர்ந்து சற்று எழும்பினால் பிடித்துவிட்டது. கப்ளர் மட்டும் தனியே எழும்பினால் பிடிக்கவில்லை.

பின்னெடுக்க உதவி செய்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், ட்ரெயிலருக்கும் வாகனத்துக்கும் நடுவில் நிற்கவே கூடாது. "வா வா வா... ஐயோ நில்லு" என்று மனுசி சொல்ல, "எந்தப் பக்கம் எண்டு சொல்லன்" என்று மனுசன் கத்த, ட்ரைவ்வேயில் நடக்கும் சண்டையை முழுத் தெருவும் யன்னலால் பார்க்கும். நாங்கள் வீட்டில் கைச்சைகை வைத்திருக்கிறோம்: உள்ளங்கை காட்டினால் நில், விரல் இடைவெளி காட்டினால் அவ்வளவு தூரம் மிச்சம். வாய் திறப்பதில்லை. அதற்குப் பிறகு சண்டை குறைந்தது.

கொழுவிய ட்ரெயிலரோடு வழியில் நிறுத்தினால்?

401 நெடுஞ்சாலையில் ஓய்விடத்தில் கோப்பி வாங்க இறங்கும் 15 நிமிடம் போதும். தாழுக்கு ஒன்று, ரிசீவர் பின்னுக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். ஒன்றை விட்டால் அந்த வழியால் எடுப்பார்கள். பின்னை உருவினால் ட்ரெயிலர், கப்ளர், பந்து, தண்டு எல்லாம் ஒரே தொகுதியாகக் கழன்று வரும், அவர்கள் அதைத் தங்கள் ரிசீவருக்குள் செருக வேண்டியதுதான். கடைக் கண்ணாடியிலிருந்து ட்ரெயிலர் தெரியும் இடமாகப் பார்த்து, வெளியே போகும் பக்கம் மூக்கை வைக்காமல் நிறுத்துங்கள்.

ட்ரெயிலரில் எலெக்ட்ரிக் பிரேக் இருக்கிறது. அறுந்தால் பிரேக் பிடிக்கும் அந்தக் கம்பிப் பின்னை இழுத்துவிட்டால் சில்லு பூட்டிக்கொள்ளுமே?

கெட்டிக்கார யோசனைதான், ஆனால் செய்யாதீர்கள். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். அந்தப் பின், ஓடும்போது ட்ரெயிலர் கழன்றால் உள்ளே இருக்கும் சின்னப் பற்றரியிலிருந்து பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அதன் அளவு ஒரு கால் மணித்தியாலத்தைக் கணக்கில் வைத்துத்தான். இரவு முழுக்க இழுத்துவிட்டால் பற்றரி இறந்து போகும், பிரேக்கின் காந்தமும் சூடேறிக் கெடும். விடியும்போது சில்லு தாராளமாக உருளும், நீங்கள் நெடுஞ்சாலையில் ஏறும்போது அவசரத்துக்குப் பிரேக்கும் இருக்காது.

ஐந்தாம் சில்லு வகை, பெரிய வீட்டு ட்ரெயிலர்களுக்கு?

பந்து இல்லை, கீழே தொங்கும் கிங்பின் இருக்கும். அதற்கென்றே வளையப் பூட்டு உண்டு. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

குளிரில் பூட்டு உறைந்து திறப்பு நுழையவில்லை. சுடுதண்ணி ஊற்றலாமா?

ஊற்றினால் திறக்கும், பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணியே உறைந்து முன்னையதைவிட மோசமாகும். அற்ககோல் கலந்த பூட்டு உருக்கி சின்னப் போத்தலில் விற்கிறார்கள், அதை வீட்டுக்குள் வையுங்கள் (வாகனத்துக்குள் வைத்துவிட்டு வாகனத்தைத் திறக்க முடியாமல் நின்றவர்களும் உண்டு). நவம்பரில், பனிக்கு முன், பூட்டை உப்புப் போகக் கழுவி, காய வைத்து, உள்ளே கிராபைட் தூள் (பென்சில் கரி) விடுங்கள். எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துக் குளிரில் கூழாகும். திறப்பு ஓட்டைக்கு ரப்பர் மூடி இருக்கும் பூட்டாக வாங்கினால் பாதித் தொல்லை குறைவு.

ஏர்டாக் (ஆப்பிளின் இடம் காட்டும் சின்னக் கருவி) ஒன்றை ஒளித்து வைத்தால் போதாதா?

பூட்டுக்குப் பதில் அல்ல, பூட்டோடு சேர்த்து வையுங்கள். 30, 40 டொலருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்குள் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில் போகும் ஐபோன்கள்தான் அதன் இடத்தைச் சொல்லிக்கொடுக்கின்றன. மார்க்கம் நகரில் நன்றாக வேலை செய்யும், வடக்கே ஏரிக்கரைக் காட்டில் ஊமையாகிவிடும். தெரியாத ஏர்டாக் தன்னோடு பயணம் செய்கிறது என்று கள்ளனின் போனும் அவனுக்கு அறிவிக்கும், ஆட்களைப் பின்தொடரப் பாவிக்காமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டும் ஜிபிஎஸ் கருவியில் இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். ட்ரெயிலரின் விளக்கு வயர் வாகனத்தில் கொழுவினால்தான் உயிர்பெறும் என்பதால், நீண்ட நாள் பற்றரி உள்ளதாகப் பாருங்கள்.

இரண்டையும் இரும்புக் குழாய்க்குள் ஒளிக்காதீர்கள், சிக்னல் வெளியே வராது. பலகைத் தரையின் அடிப்பக்கம், பிளாஸ்ரிக் விளக்கு மூடிக்குள் என்று இடம் தேடுங்கள். மிக முக்கியம்: இடம் தெரிந்துவிட்டது என்று தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு நேரே போகாதீர்கள். பொலிஸிடம் சொல்லுங்கள்.

காப்புறுதி தருமா?

வாகனக் காப்புறுதியில் ட்ரெயிலர் தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பித்தான் நானும் இருந்தேன். இழுக்கும்போது மற்றவருக்கு ஏற்படும் சேதம் வேறு, ட்ரெயிலரே களவு போவது வேறு. களவுக்கு அதைத் தனியாகப் பத்திரத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும். உள்ளே இருந்த பொருட்கள் மூன்றாவது விஷயம். தொழில் சாமான் என்றால் வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் கையை விரிக்கும். முகவரிடம் மூன்று கேள்வியாகக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். எனக்கு ட்ரெயிலருக்குக் காசு வந்தது. உள்ளே இருந்த இரண்டு புல்வெட்டி மெசினுக்கும் ஒரு சதமும் வரவில்லை.

களவு போனால் முதலில் என்ன செய்வது? எந்த விபரம் தேவை?

கண் முன்னால் நடக்கிறது என்றால் 911. விடிந்து பார்த்தது என்றால் ரொறன்ரோவில் பொலிஸின் அவசரமற்ற இலக்கம் 416-808-2222. அவர்கள் கேட்பது வின் இலக்கம் (VIN, ட்ரெயிலரின் அடையாள இலக்கம்), பின்னால் மாட்டியிருக்கும் இலக்கத் தகட்டின் இலக்கம். 17 எழுத்துள்ள வின் பெரும்பாலும் ட்ரெயிலரின் மூக்குப் பக்கச் சட்டத்தில் ஒரு சின்னத் தகட்டிலோ ஸ்ரிக்கரிலோ இருக்கும். அதுவும் ட்ரெயிலரோடு போய்விடும் என்பதால் இன்றைக்கே படம் எடுத்துப் போனில் வையுங்கள். வின் தகட்டைப் பிடுங்கி எறிவது கள்ளர்களின் முதல் வேலை. ஆகவே அடிச்சட்டத்தில், அச்சாணியில், பலகைக்குக் கீழே என்று இரண்டு மூன்று மறைவிடத்தில் அதே இலக்கத்தைப் பொறித்து வைத்தால், பின்னால் உங்களுடையது என்று நிரூபிக்கலாம். நெளிந்த மூலை, நீங்களே வெல்ட் செய்த இடம் போன்ற அடையாளங்களும் படத்தில் இருக்கட்டும்.

பழைய ட்ரெயிலர் மலிவாக வருகிறது. களவு எடுத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கனேடியப் பொலிஸ் தகவல் நிலையத்தின் இணையப் பக்கத்தில் வின் இலக்கத்தை அடித்தால் களவுப் பதிவு இருக்கிறதா என்று இலவசமாகக் காட்டும். அதற்கு முன் கண்ணால் பாருங்கள். வின் தகட்டின் ரிவெட் புதிதாக மின்னுகிறதா? கப்ளர் மட்டும் புத்தம் புதிதாக, மற்றதெல்லாம் துருவா? மூக்கில் சங்கிலி நெரித்த காயம் இருக்கிறதா? விற்பவர் அனுமதிப் பத்திரம் பிறகு தருகிறேன் என்றால், காசையும் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பூட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டேன். என்ன செய்ய?

இலக்கத்தை எழுதி வைத்திருந்தால் கடையில் திறப்பு எடுக்கலாம். இல்லையென்றால் வெட்டத்தான் வேண்டும். போன வருடம் எனக்கும் அதுதான் நடந்தது. ஞாயிறு பகல் 11 மணி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் சொந்தச் சில்லுப் பூட்டைக் கிரைண்டரால் வெட்டினேன். 25 நிமிடம் பிடித்தது, மூன்று தட்டுத் தேய்ந்தது, நெருப்புப் பொறி நடைபாதை வரை பறந்தது. நாயோடு நடந்துபோன ஒருவர் சற்று நின்று பார்த்தார். முன்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த, என்னை ஒருநாளும் பார்த்திராத மனிதர் கையசைத்துவிட்டு உள்ளே போனார். கடைசிவரை ஒருவரும் வந்து "இது உங்கட ட்ரெயிலரோ?" என்று கேட்கவில்லை.